திறனில் பாதி பசுமை, ஓடுவதில் முக்கால்வாசி நிலக்கரி: கணக்கு எங்கே இடிக்கிறது?

1. கணக்குப்பிள்ளை (ஈரோடு)

வீட்டு வாட்ஸாப் குழுவில் மைத்துனர் ஒரு செய்தியைப் போட்டுவிட்டு ஒரு வாரமாகக் கொடி பிடித்துக்கொண்டிருக்கிறார். 2025 ஜூன் முடிவில் இந்தியாவின் மின் உற்பத்தித் திறன் சுமார் 485 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் என்றால் 1,000 மெகாவாட்). அதில் பாதிக்குச் சற்று மேல் நிலக்கரி, எரிவாயு, டீசல் எதுவும் எரிக்காதது. 2030க்குள் எட்டுவோம் என்று உலகத்துக்குச் சொன்ன இலக்கு ஐந்து வருடம் முன்பே முடிந்துவிட்டது. சரி, சந்தோஷம்தான்.

ஆனால் உற்பத்தியான யூனிட்டுகளைப் பார்த்தால் நூற்றில் எழுபதுக்கு மேல் இன்னும் நிலக்கரி. இரண்டும் அரசாங்கம் தரும் எண்கள்தான். இதில் எது கதை, எது கணக்கு? மைத்துனரிடம் கேட்டால் "எப்போதும் குறையே சொல்லாதே" என்கிறார். அதனால் இங்கே வந்தேன்.

2. ஓய்வு_பொறியாளர் (கோவை)

இரண்டும் சரிதான் தம்பி. வீட்டில் பத்துக் குடம் இருக்கிறது என்பது ஒன்று, பத்துக் குடம் தண்ணீர் இருக்கிறது என்பது வேறு. முதல் எண் குடத்தை எண்ணுகிறது. 100 மெகாவாட் சோலார் வருடம் முழுக்கச் சராசரி பார்த்தால் 20, 25 மெகாவாட்தான் தரும். நிலக்கரி நிலையம் 70 வரை தரும். அணு உலை அதற்கும் மேல். ஆகவே திறனில் பாதி என்றால் யூனிட்டில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பகல் 12 மணி யூனிட்டும் ராத்திரி 8 மணி யூனிட்டும் ஒரே சரக்கு அல்ல. எட்டு மணிக்கு வீட்டுக்கு வீடு விளக்கு, ஃபேன், ஏசி, டிவி, மறுநாள் இட்லிக்குக் கிரைண்டர். முப்பது வருடம் வேலை பார்த்ததில் எனக்கு வந்த பழக்கம், எந்த நாட்டுத் திட்டத்தைப் படித்தாலும் முதலில் ராத்திரி எட்டு மணிக்கு யார் லோடை, அதாவது மின் தேவையை, தாங்குகிறார் என்று தேடுவது. பல அறிக்கைகளில் அந்தப் பக்கமே இருக்காது.

3. நாட்டிங்காம்_ரவி

நான் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில்தான் ராட்கிளிஃப்-ஆன்-சோர் மின் நிலையம். எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்கள், ரயிலில் வந்தால் ஊர் நெருங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். 2024 செப்டம்பர் 30 அன்று அதை அணைத்தார்கள். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம். 1882ல் லண்டன் ஹோல்போர்ன் வயடக்டில் எடிசனின் ஆட்கள் முதல் நிலையத்தை ஓட்டியதிலிருந்து கணக்குப் போட்டால் 142 வருடம்.

2012ல்கூட இங்கே மின்சாரத்தில் கிட்டத்தட்ட 40 விழுக்காடு நிலக்கரி. பன்னிரண்டே வருடத்தில் பூஜ்யம். நான் 2011ல் இங்கே வந்தேன், கண்ணெதிரே நடந்தது. ஆனால் தெருவில் யாரும் கொண்டாடவும் இல்லை, அழவும் இல்லை. அத்தனை மெதுவாக, முன்கூட்டியே சொல்லிச் செய்தார்கள்.

2008ல் பருவநிலைச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து வாக்களித்த எம்பிக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்புறம் ஆட்சி மாறியது, பிரதமர்கள் மாறினார்கள் (நடுவில் ஒருவர் ஐம்பது நாள்கூடத் தாங்கவில்லை), சட்டம் அப்படியே நின்றது. 2013ல் கரியமில வாயுவுக்கு, அதை வெளியிடும் உரிமச் சீட்டுக்கு ஐரோப்பியச் சந்தையில் இருந்த விலைக்கு மேல், தனியாக ஒரு வரி. 2015ல் அது டன்னுக்கு 18 பவுண்டு ஆனது. அங்கேதான் நிலக்கரியின் இடுப்பு ஒடிந்தது. அதே வருட இறுதியில் "2025க்குள் மூடுவோம்" என்று தேதியும் அறிவித்தார்கள். பிறகு அதை 2024 அக்டோபருக்கு முன்னே இழுத்தார்கள். அதற்கும் முன்பே கணக்குப் பார்த்து ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள்.

கடலில் காற்றாலை போட வந்தவர்களுக்கு அரசு ஒரு விலையை உறுதி செய்தது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை நாங்கள் தருகிறோம், மேலே போனால் நீங்கள் திருப்பித் தரவேண்டும். 2022ல் எரிவாயு விலை எகிறியபோது சில காற்றாலைகள் நிஜமாகவே பணம் திருப்பிக் கட்டின.

4. மில்_மேனேஜர் (உடுமலை)

கேட்க நன்றாக இருக்கிறது ரவி சார். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நிலக்கரியை நிறுத்திய அன்று சாய்ந்துகொள்ள உங்களுக்கு எரிவாயு இருந்தது. 1990களிலேயே வட கடல் வாயுவை நம்பி நிலையங்களைக் கட்டி வைத்திருந்தீர்கள். நம்மிடம் வாயு நிலையம் இருக்கிறது, வாயு இல்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் விலை கட்டுப்படியாகாது, பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கின்றன.

இரண்டாவது, உங்கள் ஊரில் மின் பயன்பாடு 2005க்குப் பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. இங்கே 2024 மே 30 அன்று உச்சத் தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. நீங்கள் செய்தது காலி வீட்டைப் பழுது பார்க்கும் வேலை. இது குடித்தனம் இருக்கும்போதே கூரை மாற்றுகிற வேலை. அதுவும் வருடா வருடம் ஆள் கூடுகிற குடித்தனம்.

உங்கள் யார்க்‌ஷயரில் ட்ராக்ஸ் என்று ஒரு பெரிய நிலையம் இருக்கிறதே, அது அமெரிக்கக் காட்டு மரத்தைத் தூளாக்கிக் கப்பலில் கொண்டுவந்து எரிக்கிறது. அதையும் பசுமைக் கணக்கில்தானே எழுதுகிறீர்கள்?

5. நாட்டிங்காம்_ரவி

ட்ராக்ஸ் விஷயத்தில் வாதாட மாட்டேன், இங்கேயே பாதிப் பேருக்கு அது பிடிக்காது. வாயுவும் உண்மைதான். காற்று விழுந்த குளிர்கால மாலையில் இன்றைக்கும் வாயுதான் காப்பாற்றுகிறது. ஐயா கேட்ட எட்டு மணிக் கேள்விக்குப் பிரிட்டனின் பதில் அது. நான் சொல்ல வந்தது வேறு. ஒரு விலை, ஒரு தேதி, ஒரு ஒப்பந்தம், மூன்றையும் அறிவித்துவிட்டு மாற்றாமல் வைத்திருந்தார்கள்.

6. கணக்குப்பிள்ளை (ஈரோடு)

விலை என்றதும் என் கை சும்மா இருக்கவில்லை. நம் நாட்டிலும் நிலக்கரிக்குத் தனி வரி இருந்தது, 2010லேயே. பிரிட்டனுக்கு மூன்று வருடம் முன்பு! டன்னுக்கு 50 ரூபாயில் ஆரம்பித்து 2016ல் 400 ஆனது.

ஒரு டன் நம் நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை டன் கரியமில வாயு. அப்படியானால் டன் வாயுவுக்கு சுமார் 270 ரூபாய். 2015ல் பிரிட்டனின் 18 பவுண்டு அன்றைய மாற்று விகிதத்தில் 1,700 ரூபாய்க்கு மேல். ஆறில் ஒரு பங்குகூட இல்லை. யூனிட் கணக்கில், ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால் 28 பைசா.

சரி, சின்னதாக இருந்தாலும் வரி வரிதானே என்று அந்தப் பணம் போன வழியைத் தேடினேன். சுத்த எரிசக்தி நிதி என்று பெயர் வைத்து வசூலித்தார்கள், பெரும் பகுதி செலவாகாமலே கிடந்தது. 2017ல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் பணமாக அது மாறியது. 2025 செப்டம்பரில் அந்த 400 ரூபாயையே எடுத்துவிட்டு, ஜிஎஸ்டியை 5லிருந்து 18 விழுக்காடாக்கினார்கள். டன் 1,000 ரூபாய் விற்கும் மட்டமான நிலக்கரிக்கு முன்பு 450 ரூபாய் வரி, இப்போது 180. சாம்பல் அதிகமுள்ள நிலக்கரிக்குத்தான் தள்ளுபடி அதிகம். என் கணக்கில் தப்பிருந்தால் சொல்லுங்கள்.

7. சாமானியன்_75

வரி போடு, வரி போடு என்கிறீர்கள். கடைசியில் யார் பில்லில் வரும்? ஏசியில் உட்கார்ந்து பூமியைக் காப்பாற்றுவது எளிது.

8. கணக்குப்பிள்ளை (ஈரோடு)

நியாயமான கேள்விதான். ஆனால் 28 பைசா ஏற்கெனவே உங்கள் பில்லில் இருந்ததுதானே? அதை வாங்கிக்கொண்டு சோலார் பம்ப்செட்டோ கம்பித் தடமோ போட்டிருந்தால் பேசியிருக்க மாட்டேன்.

9. வடமராட்சியான்

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் இலக்கு 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி. எங்களிடம் மலைநாட்டு நீர்மின் இருக்கிறது, நிலக்கரிக்கு நுரைச்சோலை ஒன்றுதான், 900 மெகாவாட். ஆகவே உங்களைவிட எங்களுக்கு இலகு என்றுதான் நினைத்திருந்தோம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி கழிந்து நாடு முழுக்க மின்சாரம் போய்விட்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததுதான் காரணம் என்றார்கள். உலகமே சிரித்தது. ஆனால் சிரிக்கிற விசயம் இல்லை அண்ணை. ஞாயிறு என்றபடியால் தேவை குறைவு. நல்ல வெயில், கூரைச் சோலர் உச்சத்தில். பெரிய சுழலிகள் குறைவாக ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒரு சின்னத் தட்டலைத் தாங்க ஆளில்லை. நுரைச்சோலையும் விழுந்து, அதற்கடுத்த நாட்களில் மின்வெட்டு.

அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சார சபை கூரைச் சோலர் வைத்திருப்பவர்களிடம் பகலில் அதை நிறுத்தி வைக்கும்படி கேட்டது. கடன் எடுத்துப் பூட்டினவன் வெயில் நாளில் நிறுத்தி வைக்கிறான், யோசித்துப் பாருங்கள்.

10. ஓய்வு_பொறியாளர் (கோவை)

வடமராட்சித் தம்பி சொன்னதை எல்லோரும் இரண்டு தடவை படிக்கவேண்டும். கிரைண்டரை ஆஃப் செய்தாலும் கல் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கும், இல்லையா? அனல், நீர், அணு நிலையங்களில் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ரோட்டர் சுற்றுகிறது. எங்கோ ஒன்று பழுதானால் அந்தச் சுழற்சிதான் முதல் சில விநாடிகளைத் தாங்கும். சோலார் இன்வெர்ட்டரில் கல்லே கிடையாது. இதற்கு வழி உண்டு. மின்சாரம் தயாரிக்காமல் வெறுமனே சுற்றும் இயந்திரங்கள் உண்டு, பேட்டரியை அப்படிப் பழக்கவும் முடியும். பணம் போட்டு முன்கூட்டியே வைக்கவேண்டும். சின்னத் தீவு கிரிட்டுக்கு (மின் கட்டமைப்புக்கு) அது இன்னும் அவசரம்.

பெரிய கிரிட்டுக்குக் கொஞ்சம் சௌகரியம் உண்டு. 2012 ஜூலை 30, 31ல் வட இந்தியா இருளில் மூழ்கியதே, அப்போது தெற்கு தப்பியது. சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, அன்றைக்கு நாம் அந்த கிரிட்டோடு ஒத்திசைந்து ஓடவில்லை. 2013 டிசம்பர் 31ல் ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கேவி (கிலோவோல்ட்) லைன் வந்த பிறகுதான் நாடு முழுக்க ஒரே அதிர்வெண். அதற்கு முன் ஆடி மாதத்தில் முப்பந்தலில் காற்று கொட்டும், வெளியே அனுப்ப வழி இருக்காது. மழை பெய்து ராத்திரி லோடும் விழுந்துவிட்டால் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லிப் போன் போகும். போட்டவர்களில் நானும் ஒருவன். சொந்தமாகக் காற்றாலை வைத்திருந்த மில்லுக்காரர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள்.

11. மில்_மேனேஜர் (உடுமலை)

திட்டியதுண்டு.

12. ஓய்வு_பொறியாளர் (கோவை)

😀 தெரியும். காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அனல் நிலையத்தை ஸ்விட்ச் மாதிரி அணைக்க முடியாது. பாய்லரை முழுக்க ஆறவிட்டால் திரும்பச் சூடேற்ற மணிக்கணக்காகும், எண்ணெய்ச் செலவு வேறு. இன்றைய விதிப்படி 55 விழுக்காடு வரை குறைத்து ஓட்டவேண்டும். 2030க்குள் படிப்படியாக 40க்கு இறக்கச் சொல்கிறார்கள். அந்த 15 விழுக்காடுதான் பகல் சோலாருக்குக் கிடைக்கும் இடம். பேப்பரில் இது ஒரு வரி. நிலையத்தில் நிற்பவனுக்கு ஒவ்வொரு நாளும் குழாய் சூடேறிக் குளிர்ந்து வெடிப்பு விடுகிற தலைவலி. மூடுவதற்கு முன்னால் நிலக்கரி கற்கவேண்டியது குறைந்து ஓடுவதை. நம் தேசியத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், இதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை.

ராய்கர்-புகளூர் 800 கேவி லைனை ஒரு தடவை போய்ப் பாருங்கள். 6,000 மெகாவாட். சத்தீஸ்கர் நிலக்கரி மின்சாரம் இங்கே வருவதற்காகப் போட்டது, காற்றுக் காலத்தில் நம் மின்சாரம் வடக்கே போகவும் அதே கம்பிதான்.

13. அணுவே_துணை

இத்தனை நீளப் பேச்சு எதற்கு? பிரான்ஸைப் பாருங்கள். 1973 எண்ணெய் அதிர்ச்சி, 1974ல் பிரதமர் மெஸ்மேர் திட்டம், பதினைந்து வருடத்தில் ஐம்பது உலை. இன்றைக்கும் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் அணுவிலிருந்து. ஜெர்மனியோ 2023 ஏப்ரல் 15ல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடைசி மூன்று உலைகளையும் மூடிவிட்டு, பழுப்பு நிலக்கரியைத் தோண்டிக்கொண்டிருக்கிறது.

14. மில்_மேனேஜர் (உடுமலை)

ஜெர்மனி நிலக்கரிக்கு முன்னால் அணுவை மூடியது எனக்கும் புரியாத வரிசைதான். ஆனால் கூடங்குளத்தை எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தம் 1988. கட்டுமானம் 2002. முதல் யூனிட் கிரிட்டில் சேர்ந்தது 2013. இருபத்தைந்து வருடம். பிரான்ஸிலேயே 2022ல் குழாய்களில் அரிப்பு விரிசல், பராமரிப்பு வேலை என்று ஒரு கட்டத்தில் பாதி உலைகள் நின்றன. மற்ற வருடங்களில் மின்சாரம் விற்கிற நாடு அந்த வருடம் வாங்கியது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது என்றால் நோயும் ஒரே நோய்.

15. நெய்வேலிக்காரி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரி என்று ஒரு வரியில் தள்ளிவிட்டீர்களே, அந்த நாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் அங்கேதான் இருக்கிறது.

2020ல் அவர்கள் நிலக்கரி வெளியேற்றச் சட்டம் போட்டார்கள், கடைசித் தேதி 2038. கூடவே இன்னொரு சட்டம்: சுரங்கப் பகுதிகளுக்கு 2038 வரை 4,000 கோடி யூரோ வரை. ரயில் பாதை, ஆராய்ச்சி நிலையம், புதிய தொழில் என்று. அது போதுமா, சரியாகச் செலவாகிறதா என்று அங்கேயே சண்டை நடக்கிறது. இருந்தாலும் தொகையைச் சட்டத்தில் எழுதினார்கள்.

எங்கள் ஊர் 1950களின் நடுவில் ஒரு திட்டத்துக்காகப் பிறந்த ஊர். நிலம் கொடுத்தவர்கள், நிரந்தர வேலைக்காரர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், வாசலில் டீக்கடை போட்டவர்கள் என்று நாலு தலைமுறை. முதல் அனல் நிலையம், 600 மெகாவாட், 2020 செப்டம்பரில் ஓட்டத்தை நிறுத்தியது. 1962ல் ஆரம்பித்தது. பக்கத்திலேயே புதிது கட்டியிருந்ததால் ஊர் அசையவில்லை. அதற்கடுத்தது மூடும்போது பக்கத்தில் என்ன இருக்கும்? சோலார் பூங்காவைக் கழுவித் துடைக்க எத்தனை பேர் வேண்டும்? 2070க்குள் நிகர பூஜ்யம், அதாவது வெளியேறும் கரியமில வாயுவும் திரும்ப ஈர்க்கப்படுவதும் சமம், என்று நாடு சொல்லிவிட்டது. நெய்வேலி, சிங்ரௌலி, கோர்பா, தன்பாத் என்று நிலக்கரி ஊர்களின் பெயர் போட்டு, வருடம் போட்டு, தொகை போட்டு ஒரு தாள் வேண்டும் என்கிறேன். ரவி சார் சொன்ன தேதி இங்கே வந்தால் முதலில் பயப்படப்போவது எங்கள் ஊர்தான். தேதியே வராமல் ஒருநாள் திடீரென்று மூடினால் அதைவிடப் பயம்.

16. சாமானியன்_75

இதுதான் நான் கேட்க நினைத்தது. நன்றி அம்மா.

17. தெற்குமுனை

சின்ன நாடு என்று யாரும் உருகுவேயைத் தொடவில்லை. மக்கள் தொகை முப்பத்தைந்து லட்சம், சென்னைப் பெருநகரத்தில் பாதிகூட இல்லை. எண்ணெய், வாயு, நிலக்கரி எதுவும் கிடையாது. மழை பொய்த்தால் அணை காலி, எண்ணெய் இறக்குமதி, கஜானா காலி.

2008ல் ரமோன் மெந்தெஸ் என்ற இயற்பியல் பேராசிரியரை எரிசக்தித் துறைக்கு இயக்குநராக்கினார்கள். 2010ல் எல்லாக் கட்சிகளும் ஒரே கொள்கைக்கு ஒப்புக்கொண்டன. அப்புறம் அரசு மின் நிறுவனமே ஏலம் விட்டு, இருபது வருட ஒப்பந்தம் போட்டுக் காற்றாலை மின்சாரம் வாங்கியது. சுமார் பத்து வருடத்தில், நல்ல மழை வருடங்களில் மின்சாரம் 95 விழுக்காட்டுக்கு மேல் புதுப்பிக்கத்தக்கது. காற்று அடிக்கும்போது அணைத் தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள், விழும்போது திறப்பார்கள். ஐயாவின் எட்டு மணிக்கு அங்கே அணை.

18. மில்_மேனேஜர் (உடுமலை)

ஏலமும் நீண்ட ஒப்பந்தமும் நம்மிடமும் உண்டே. 2017ல் ராஜஸ்தான் பட்லாவில் ஏலத்தில் சோலார் விலை யூனிட்டுக்கு 2.44 ரூபாயாக இறங்கியது, உலகமே திரும்பிப் பார்த்தது. முட்டுவது அடுத்த படியில். மத்திய நிறுவனம் ஏலம் விட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும். மாநில மின் விநியோக நிறுவனம் வாங்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நடக்கும். ஏலம் முடிந்தும் வாங்க ஆளில்லாமல் 40 ஜிகாவாட்டுக்கு மேல் நின்றது. ஏன் வாங்கவில்லை? அடுத்த வருடம் விலை இன்னும் குறையுமே என்பது ஒன்று. மத்தியான மின்சாரம் ஏற்கெனவே வழிகிறது, எனக்கு வேண்டியது எட்டு மணிக்கு என்பது இன்னொன்று. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் காற்று மாறுகிறது. பேட்டரி ஏலத்தில் 2022ல் மெகாவாட்டுக்கு மாத வாடகையாகச் சுமார் 10.8 லட்சம் ரூபாய் கேட்டார்கள். 2025ல் பல ஏலங்கள் இரண்டரை லட்சத்துக்கும் கீழே, அரசு மானியத்தோடு. அது இரண்டு மணி நேரப் பேட்டரி, ராத்திரி முழுக்கத் தாங்காது. அதனால்தான் 2032க்குள் இன்னும் 80 ஜிகாவாட் நிலக்கரி வேண்டும் என்று அதே அரசு சொல்கிறது.

19. ஓய்வு_பொறியாளர் (கோவை)

நம் ஊரிலேயே நல்ல பேட்டரி ஒன்று இருக்கிறது, முப்பது வருடத்துக்கு மேலாக. ஆழியாறுக்கு மேலே காடம்பாறை, 400 மெகாவாட், நாட்டின் ஆரம்பகால நீரேற்று நிலையங்களில் ஒன்று. மலைக்குள் குடைந்த பவர் ஹவுஸ். அனல் மின்சாரம் மிஞ்சுகிற நள்ளிரவில் தண்ணீரை மேலே ஏற்றி, மாலையில் இறக்குவதற்காகக் கட்டியது. இன்றைக்கு அதே இயந்திரத்துக்கு நியாயமான நேரம் நள்ளிரவு அல்ல, பகல் 12 மணி. அடுத்தது குந்தா, 500 மெகாவாட், நீலகிரியில் கட்டுகிறார்கள். 80 ஜிகாவாட் நிலக்கரி கட்டுமுன் இப்படி எத்தனை மலை மிச்சம் என்று பார்த்துவிடலாம். காடு போகும் என்பவர்களும் வருவார்கள், அவர்கள் பேச்சிலும் நியாயம் உண்டு.

20. புது_உறுப்பினர்

சார், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்கிறார்கள். போடலாமா?

21. ஓய்வு_பொறியாளர் (கோவை)

இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது?

22. புது_உறுப்பினர்

180 சார்.

23. ஓய்வு_பொறியாளர் (கோவை)

முதல் 100 யூனிட் இலவசம். மீதி 80க்கு இருநூறு ரூபாய் சுற்றி வரும். மானியம் போக உங்கள் கைப்பணமே ஒரு லட்சத்தை நெருங்கும். எப்போது திரும்ப வரும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். உங்கள் எதிர்வீட்டில் மூன்று ஏசி ஓடுகிறதா? அவர் கட்டாயம் போடுவார். போட்டதும், அதிக விலை கட்டி உங்கள் 100 யூனிட்டைத் தாங்கிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் குறைவார்.

24. கணக்குப்பிள்ளை (ஈரோடு)

ஐயா, இதற்குத் தனி இழை தொடங்கட்டுமா? மைத்துனர் வீட்டில் நாலு ஏசி.